லண்டன் ஆடிட்டர் நம் அடுப்படிக் கணக்கைப் பார்த்த கதை!

ஓர் ஆடிச் சனிக்கிழமை குச்சனூருக்குப் போய்ப் பாருங்க. சின்னமனூரைத் தாண்டினால் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயல், வாழை, தென்னை. எல்லாம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் செய்த வேலை. சுரபி நதிக்கரையில் சுயம்பு சனீஸ்வரர் கோயில். கூட்டத்தில் நெருக்கியடித்து உள்ளே போனால் எண்ணெய் வாசமும் எள் கருகும் வாசமும் மூக்கில் ஏறும். நீங்களும் ஒரு விளக்கு ஏத்தியிருப்பீங்க.

சாமி கும்பிட்டாச்சு. இப்போ, குச்சனூரோ வேறெந்தக் கோயிலோ, கையில் இருக்கும் அந்த எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. தீபத்துக்கான எண்ணெய் என்று பெரிசாகப் போட்டிருக்கும். சமையலுக்கு ஆகாது என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படின்னா அது எள்ளிலிருந்து வந்ததுதானா? எந்த ஊர்ச் செக்கில் ஆட்டியது? ஆட்டிய பிறகு மிஞ்சிய புண்ணாக்கை எந்த மாடு தின்றது? எரிந்து முடிந்ததும் இந்த பாக்கெட் எங்கே போகும்?

ஒரு பாக்கெட் எண்ணெய்க்கு இத்தனை கேள்வியா என்று தோணும். கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழர் இதே மாதிரி விளக்கு, அரிசி, வெல்லம், அடுப்பு, காகிதம், துணி என்று வீட்டுக்குள் வரும் ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேள்வி கேட்டார். தொழில்முறை ஆடிட்டர். பேர் ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்தவர். கடைசிக் காலத்தைக் கழித்தது நம்ம தேனிக்குப் பக்கத்து மாவட்டத்தில், மதுரை டி.கல்லுப்பட்டியில்.

சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வாழ்க்கை என்றாலே இப்போ மூங்கில் டூத்பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா என்று ஷாப்பிங் லிஸ்ட்தான் ரீல்ஸில் ஓடுது. குமரப்பா கதையைப் படித்தால், வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருப்பது தெரியும். செலவே இல்லாத வேலை. கணக்குப் பார்ப்பது.

கோட் சூட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

1892 ஜனவரி 4ல் பிறந்தார். அப்போ பேர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தவர். அதே துறையின் இன்ஜினீயர் பென்னிகுக் கட்டிய பெரியாறு அணை திறந்தபோது, 1895ல், இந்தப் பையனுக்கு மூணு வயசு. வேறு சம்பந்தம் ஒன்றுமில்லை. ஆனா அணையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சென்னை டவ்டன் கல்லூரி, அப்புறம் லண்டன். அங்கே கணக்குத் தணிக்கை படித்து முடித்து, 1919ல் திரும்பி மும்பையில் வேலை. பிறகு சொந்தமாகவே ஆடிட்டிங் நிறுவனம். நல்ல வருமானம். உடுத்துவது, உண்பது, பேசுவது எல்லாம் ஆங்கிலப் பாணி. இன்றைக்கு இருந்திருந்தால் லிங்க்டுஇன் புரொஃபைல் பளபளன்னு இருந்திருக்கும்.

1927ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த ஊர்த் தேவாலயம் ஒன்றில் இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று ஒரு பேச்சு. அது பத்திரிகையில் வர, அவருடைய பேராசிரியர் செலிக்மன் அதைப் படித்துவிட்டு, இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள் என்றார். அங்கேதான் எல்லாம் புரண்டது. பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் வரி எப்படி வாங்குகிறது, எதற்குச் செலவழிக்கிறது என்று ஓர் ஆடிட்டரின் கண்ணோடு நோண்ட ஆரம்பித்தார். ஒரு கம்பெனியின் கணக்கில் பித்தலாட்டம் இருந்தால் எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது அவருக்கு. தான் இவ்வளவு நாளும் எந்த அமைப்பின் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதும் தெரிந்தது.

1929ல் ஊர் திரும்பினார். அந்த ஆய்வை வெளியிடுவது பற்றிப் பேச சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மே மாசம், குஜராத் வெயில், மேல்நாட்டு உடை. சந்திப்பு ரெண்டரை மணிக்கு. கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டதால் சுற்றிப் பார்க்கப் போனவர், ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்த கிழவரை வேடிக்கை பார்த்தபடி நின்றார். சரியாக ரெண்டரைக்கு அந்தக் கிழவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் குமரப்பாவா என்று விசாரித்தார். அப்போதுதான் அவர் காந்தி என்பதே இவருக்குப் புரிந்தது. நாற்காலி வரும்வரை காத்திருக்காமல் அந்த உடையோடேயே சாணித் தரையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் மும்பை ஆபீஸுக்கு ஆடிட்டராகத் திரும்பவில்லை. கொர்னேலியஸ் என்ற பேரையும் விட்டு, குடும்பத்தின் பழைய பேரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார்.

வீடு வீடாக ஒரு ஆடிட்

காந்தி கொடுத்த முதல் வேலை, குஜராத்தில் கேடா மாவட்டத்தின் மாதர் தாலுகாவில் பொருளாதாரக் கணக்கெடுப்பு. குஜராத் வித்யாபீட மாணவர்களோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் இறங்கினார். என்ன விளையுது, எவ்வளவு விக்குது, வீட்டில் என்ன சாப்பிடுறாங்க, கடன் எவ்வளவு, வரி எவ்வளவு. ஓர் ஆடிட்டர் முதல்முறையாக விவசாயி வீட்டின் வரவு செலவைத் தாளில் ஏற்றுகிறார்.

இங்கே நிறுத்தி உங்க வீட்டுக்கு வாங்க. ஒரே ஒரு வாரம், வெளியே போகும் குப்பையைக் கணக்கெடுங்க. நோட்டு வேண்டாம், போனில் ஒரு நோட்ஸ் போதும். காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, பால் பாக்கெட், ஆன்லைன் ஆர்டரில் வந்த அட்டைப் பெட்டி, சிப்ஸ் கவர், தண்ணீர் பாட்டில். கூடவே கரன்ட் மீட்டரைத் தினம் ஒரே நேரத்தில் பாருங்க. தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பதால் நாம பில்லை மட்டும் பார்க்கிறோம், யூனிட்டைப் பார்ப்பதில்லை. ஏசி ஓடிய ராத்திரிக்கும் ஓடாத ராத்திரிக்கும் மீட்டரில் தெரியும் வித்தியாசம், எந்த விழிப்புணர்வு வீடியோவும் சொல்லாததைச் சொல்லும். (ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவிகிதம் கூடுதல் மின்சாரம் என்று எரிசக்தித் துறையினர் கணக்குச் சொல்றாங்க. 24லேயே வெச்சு ஃபேனைப் போட்டுக்கலாம்.)

கணக்கில் குமரப்பா எவ்வளவு கறார் என்பதற்கு 1934 பீகார் நிலநடுக்கம் சாட்சி. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணிக்கு வந்த பணம் முழுக்க இவர் பொறுப்பு. காந்தியின் குழு வந்து இறங்கியபோதும், நிவாரண நிதி இடிந்த வீட்டுக்காரர்களுக்கு வந்தது, உங்க சாப்பாட்டுச் செலவை நீங்களே பார்த்துக்குங்க என்று சொல்லிவிட்டார். காந்தி கோபப்படவில்லை. அதே வருஷக் கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கியபோது, அதை நடத்தும் வேலையை இந்தக் கறார் ஆளிடம்தான் கொடுத்தார்.

மகன்வாடி என்கிற ஆய்வுக்கூடம்

வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டம். காந்தியின் உறவினரும், 1928ல் இறந்துபோன ஆசிரமத் தூணுமான மகன்லால் நினைவாக மகன்வாடி என்று பேர். அடுத்த பல வருஷங்கள் குமரப்பாவின் வாழ்க்கை இதுதான். ராட்டை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார்கள் என்று நினைச்சிடாதீங்க. செக்கை எப்படி இன்னும் லேசாகச் சுற்ற வைப்பது, நெல்லை எப்படி உமி மட்டும் போகக் குத்துவது, பழைய காகிதத்தையும் கந்தலையும் வைக்கோலையும் எப்படிக் காகிதமாக்குவது, தேனீயை எப்படிப் பெட்டியில் வளர்ப்பது என்று தினமும் சோதனை. அங்கே செய்த காகிதத்திலேயே சங்கத்தின் புத்தகங்கள் அச்சாகின.

விளக்குக்கு வருவோம். அந்தக் காலத்தில் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கு பரவிவிட்டது. மண்ணெண்ணெய் கப்பலில் வருவது. கொடுத்த காசு திரும்ப ஊருக்கு வராது. உள்ளூர் எள்ளை ஆட்டி எரித்தால், எண்ணெய் விளக்குக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, சாணி வயலுக்கு, கூலி செக்குக்காரருக்கு. அதனால் தாவர எண்ணெயில் பிரகாசமாக எரியும் ஒரு விளக்கை உருவாக்கினார்கள். மகன் தீபம் என்று பேர். குச்சனூரில் நீங்க ஏத்தும் அகல் விளக்கின் அண்ணன்னு வெச்சுக்கலாம்.

இதிலிருந்து நமக்கு என்ன? உங்க ஊரில் செக்கு ஓடினால், பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டுப் போய் எண்ணெய் வாங்கிட்டு வாங்க. கம்பம் பள்ளத்தாக்கில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. காய வெச்ச கொப்பரையைக் கொடுத்து ஆட்டி வாங்கும் வீடுகள் உண்டு. ஆனா இங்கே ஒரு கொக்கி. மரச்செக்கு எண்ணெய் என்று ரெட்டை விலை போட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, இன்னொரு மாநிலத்திலிருந்து கூரியரில் வருவதை வாங்கினால் அதில் குமரப்பாவின் கணக்கு ஒன்றுகூடத் தேறாது. புண்ணாக்கு எங்கேயோ, கூலி எங்கேயோ, பாட்டில் மட்டும் உங்க வீட்டுக் குப்பையில்.

அடுத்தது அரிசி. மில்லில் வெள்ளை வெளேர் என்று தீட்டிய அரிசியில் தவிடு போய்விடும், கூடவே பி1 வைட்டமினும். அப்போதெல்லாம் பெரிபெரி என்ற நோய் தீட்டிய அரிசி தின்றவர்களைத் தாக்கியது. சத்தும் போச்சு, நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் போச்சு, அப்புறம் தவிட்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். இது என்ன லாபக் கணக்கு என்பது குமரப்பாவின் கேள்வி.

இந்த இடத்தில் நான் அவரோடு கொஞ்சம் மல்லுக்கு நிற்பேன். உலக்கை பிடித்த கை யாருடையது? வீட்டில் இயற்கை வாழ்க்கை என்று ஆண்கள் முடிவெடுத்துவிட்டு, அம்மியில் அரைப்பதும் துணிப்பையைத் துவைப்பதும் அம்மா தலையில் விழும் கதை நமக்குத் தெரியாதா? கல்யாணமே செய்துகொள்ளாத குமரப்பாவுக்கு அந்த வீட்டுச் சண்டை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் உலக்கைக்குத் திரும்புங்க என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் பட்டை தீட்டாத அரிசி கிடைக்குது, வாரத்தில் ரெண்டு நாள் அதை வையுங்க. முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டால் சீக்கிரம் வேகும், கேஸும் மிச்சம். அது பிடிக்கலைன்னா புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போதே சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பச்சரிசியைவிட அதில் பி1 அதிகம். ஊறப்போடும் வேலையை வீட்டில் இருக்கும் பையன் செய்யட்டும்.

நியாயமாகச் சொல்லணும். பெண்கள் படும் பாட்டை மகன்வாடி முழுக்க மறந்துவிடவில்லை. 1940களில் அங்கே உருவான மகன் சூளா என்ற புகையில்லா அடுப்பு, நாட்டில் பின்னால் வந்த பல புகையில்லா அடுப்புகளுக்கு முன்னோடி. மண்ணால் ஆன அடுப்பு, புகை போகக் குழாய், ஒரே தீயில் ரெண்டு மூணு பாத்திரம். விறகும் மிச்சம், கண்ணும் மிச்சம். இன்றைக்கு நம் வீட்டில் கேஸ் அடுப்பு. அது பெட்ரோலியம்தான், ஆனாலும் அதை விட்டுவிட்டு விறகுக்குப் போவது முட்டாள்தனம். மூடி போட்டு வேகவைப்பது, பருப்பை ஊறவைப்பது, குக்கரில் ஒரே நேரத்தில் சாதமும் பருப்பும் வைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது. இவ்வளவுதான். சிலிண்டர் எத்தனை நாள் வருதுன்னு மேலே சாக்பீஸில் தேதி எழுதிப் பாருங்க.

வெல்லத்திலும் அவருக்கு ஒரு வாதம் இருந்தது. கரும்பு நல்ல மண்ணையும் நிறையத் தண்ணீரையும் கேட்கும். அந்த மண்ணில் சாப்பாட்டுப் பயிர் விளையலாம். பனையும் ஈச்சையும் வேறெதுவும் வளராத பொட்டலிலும் நிற்கும். அதனால் இனிப்புக்குப் பனைவெல்லம், வயலுக்கு உணவு. பனை நம் மாநில மரம் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. நல்ல கருப்பட்டி கிடைத்தால் டீக்கு வேண்டாம், வாரம் ஒருமுறை பணியாரத்துக்காவது போடுங்க. கலப்படம் ஜாஸ்தி, தெரிந்த பனையேறியிடமோ நம்பிக்கையான கடையிலோ வாங்குவது உத்தமம்.

அணையும் நிலக்கரியும்

வெள்ளையனே வெளியேறு போராட்டத்தையொட்டிச் சிறைக்குப் போனார் குமரப்பா. ஜபல்பூர் சிறையில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் 1945ல் வந்தது. நிலைத்த பொருளாதாரம் என்று தமிழில் சொல்லலாம். முன்னுரை காந்தி. அதோடு, இயேசுவின் போதனைகளைப் பற்றி எழுதியதையும் சேர்த்து, ரெண்டு டாக்டர் பட்டமும் காந்தி விளையாட்டாகக் கொடுத்தார். ஒன்று சமயத்துக்கு, ஒன்று கிராமத் தொழிலுக்கு.

அந்தப் புத்தகத்தின் நடுநாடி ரொம்ப எளிசு. இயற்கையில் ரெண்டு வகைச் சொத்து. ஒன்று, தேங்கிக் கிடப்பது: நிலக்கரி, பெட்ரோல், தாது. எடுக்க எடுக்கக் குறையும், திரும்ப வராது. இன்னொன்று, ஓடிக்கொண்டே இருப்பது: வெயில், மழை, காற்று, காடு, பயிர், மாடு, மனுஷ உழைப்பு. தேங்கியதை நம்பி வாழ்ந்தால் அது தீரும்போது சண்டை வரும். ஓடுவதை நம்பி வாழ்ந்தால் தலைமுறை தலைமுறையாக ஓட்டலாம்.

பெரியாறு அணை ஞாபகம் இருக்கா? அணையும் தேக்கம்தான், ஆனா மேற்கு மலையில் மழை பெய்தால் மறுபடி நிரம்புது. அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கு ரெண்டு போகம் பார்க்குது. நிலக்கரியும் பெட்ரோலும் மேலே ஆறே இல்லாத அணை. மதகைத் திறந்து விட்டுக்கிட்டே இருக்கோம். இதை 1945ல், உலகமே பெட்ரோலில் மிதக்க ஆரம்பித்த நேரத்தில், ஜெயிலில் இருந்தவர் எழுதிவிட்டார்.

மொட்டை மாடி இருக்கும் வீடா உங்களது? வெயில் என்ற ஓடும் சொத்து தினமும் அங்கே வீணாகுது. 2024ல் மத்திய அரசு அறிவித்த சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலார் பேனலுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றார்கள். அவ்வளவு முதலீடு முடியாதென்றால் துணியையாவது டிரையரில் போடாம கொடியில் காயப்போடுங்க. அதுவும் சோலார்தான்.

ஓடுவதில் இன்னொன்று, மண்ணுக்குத் திரும்பும் கழிவு. விளைந்ததில் ஒரு பங்கு மண்ணுக்கே போகணும், மனுஷக் கழிவு உட்பட, என்பதில் குமரப்பா பிடிவாதமாக இருந்தார். டிராக்டர் மீது அவருக்கு இருந்த கோபமும் இதனால்தான்: உழும், சரி, ஆனா பாலும் தராது, சாணியும் போடாது. நாம சமையலறை மட்டத்திலேயே தொடங்கலாம். பழைய பக்கெட் அல்லது மண்பானை, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை. கீழே தேங்காய் நார்க்கழிவு, மேலே ஒரு பிடி காய்கறிக் கழிவு போட்டால் அதற்கு மேல் ரெண்டு பிடி காய்ந்த இலை. கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மக்கும். வாரம் ஒருமுறை கிளறுங்க. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம்னு அர்த்தம், இலையை இன்னும் போடுங்க. ரெண்டு மூணு மாசத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசத்தோடு உரம். மீன் முள்ளும் எண்ணெய்க் குழம்பும் மட்டும் வேண்டாம், எலி வரும்.

வாங்குபவருக்கும் பங்கு உண்டு

குமரப்பாவின் கணக்கில் நம்மை உறுத்தக்கூடிய வரி ஒன்று இருக்கு. ஒரு பொருளைச் செய்ததில் யாராவது வதைபட்டிருந்தால், அதைக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்பார். எங்கோ தூரத்தில் செய்த பொருளின் கதை வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் செய்ததை வாங்குவது நல்லது என்பது அவர் கட்சி.

திருப்பூரை எடுத்துக்கோங்க. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் வயலுக்கே ஆகாமல் போய், 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. அந்தச் சாயம் தோய்த்த பனியனைப் போட்டது யார்? உலகமெல்லாம் உள்ள நாமதான். குமரப்பா வேட்டியையும் பைஜாமாவையும் கலந்து துணி குறைவாகச் செலவாகும் ஓர் உடையைத் தனக்கென்று வடிவமைத்துக்கொண்டார். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்குமாம். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஒரு சட்டையை முப்பது தடவை போட முடியுமா என்று யோசிச்சு வாங்கினாலே அலமாரி பாதி காலியாகும். பத்து நிமிஷ டெலிவரியில் ஒற்றைக் கொத்தமல்லிக் கட்டு ஆர்டர் செய்யும் பழக்கமும் இதில் சேர்த்தி. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வேற வந்தாச்சு. பையை வண்டி சீட்டுக்கு அடியிலேயே வெச்சிருங்க. வீட்டில் வெச்சா மறந்துதான் போகும்.

டெல்லியில் இடமில்லை

சுதந்திரம் வந்தது, கூடவே பெரிய அணைகள், பெரிய ஆலைகள் என்ற கனவும். நிலச் சீர்திருத்தத்துக்காகக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்குக் குமரப்பா தலைவராக இருந்து 1949ல் அறிக்கை கொடுத்தார். ஆனால் அவருடைய பொருளாதாரத்துக்கு டெல்லியில் ஆள் இல்லை. கூட்டம் ஒன்றுக்குக் குதிரை வண்டியில் போனவரை, பிரதமர் போகும் சாலையில் இந்த வண்டிக்கு அனுமதியில்லை என்று போலீஸ் தடுத்ததாகவும், விபத்தைத் தடுக்கத்தான் என்று நேரு விளக்கியபோது, ஆபத்து லாரியால் என்றால் லாரியை அல்லவா நிறுத்த வேண்டும் என்று இவர் கேட்டதாகவும் ஒரு கதை சொல்வதுண்டு. சைக்கிளில் போகிறவரை ஓரமாகப் போகச் சொல்லும் எந்த ஊர் ரோட்டிலும் அந்தக் கேள்வி இன்னும் நிற்குது.

சோர்ந்து போனார். ரத்தக் கொதிப்பு வேறு. வார்தா பக்கம் செல்டோ என்ற கிராமத்தில் பண்ணை ஆசிரமம் ஒன்று தொடங்கி நடத்தினார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1950களின் நடுவில் தெற்கே வந்தார். கோ.வெங்கடாசலபதி 1940ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் டி.கல்லுப்பட்டியில் இருந்தது. அங்கே ஒரு சின்னக் குடிலில் கடைசி வருஷங்கள்.

பூமிதான நடைப்பயணத்தில் வினோபா பாவே அங்கே வந்தபோது குடிலின் சுவரில் ரெண்டு படங்கள் இருந்தன. ஒன்று காந்தி. அது தன் குரு என்றார் குமரப்பா. இன்னொன்று பேர் தெரியாத ஓர் ஏழைக் கிராமத்து மனுஷர். அவர் தன் குருவின் குரு என்றார்.

1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில், 68 வயசில் இறந்தார். 13 வருஷம் கழித்து, 1973ல், ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர் சிறியதே அழகு என்ற புத்தகத்தை எழுதி உலகமெல்லாம் பேசப்பட்டபோது, அதற்குள் குமரப்பாவின் பேரும் கருத்தும் இருந்தன. வெளிநாட்டு மாணவர்கள் அப்படித்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். நம்மில் பலருக்கு இன்னும் அந்தப் பேர் புதுசு.

அடுத்த முறை குச்சனூர் போனால், சாமி கும்பிட்ட கையோடு தேனி, உசிலம்பட்டி, பேரையூர்னு பஸ் மாறி கல்லுப்பட்டிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. ஒரு பகல் போதும். தண்ணி பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துக்குங்க.